நாங்கள் மாட்டிய கம்பிகள்

‘மதர்’ வருகிறார் என்றால் நம் பள்ளியில் எல்லாரும் எழுந்து நிற்போம். சென்ற மே விடுமுறையில் எங்கள் நால்வருக்கும் இன்னொரு மதர் அறிமுகமானார். அவர் முன்னும் எழுந்துதான் நின்றோம். உட்கார்ந்தபடி அவரைச் சமாளிக்க முடியவில்லை! அவர்தாம் மதர்போர்டு.

தோழியரே, எங்கள் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. காரணம் பின்னால் விளங்கும். ஊரை மட்டும் சொல்கிறோம். ஒருத்தி அம்பத்தூர், ஒருத்தி ஆவடி, ஒருத்தி திருமுல்லைவாயில், ஒருத்தி பூந்தமல்லி. முதல் மூவருக்கும் ஒரே மின்ரயில் பாதை. பூந்தமல்லிக்காரி மட்டும் பஸ்ஸில் இடிபட்டு வருபவள். அதனால் எதிலும் தனக்கு ஒரு சலுகை உண்டென்று நினைப்பவள்.

அம்பத்தூர்க்காரியின் தாயார் வீட்டிலேயே டி.டி.பி. வேலை செய்கிறார். எங்களுக்கு அவர் ஆன்ட்டி. 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அங்குள்ள சிறு பட்டறைகளுக்கு லெட்டர்பேடு, டெலிவரி சலான். அக்கம்பக்கத்தாருக்கு மஞ்சள் நீராட்டு, திருமணம், புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி. “பொறந்ததுல இருந்து போற வரைக்கும் எங்கிட்டதான் வந்தாகணும்” என்று சிரிப்பார்.

ஏப்ரல் கடைசியில் ஓர் இரவு அவருடைய பழைய கணினி நின்றுவிட்டது. போர்டு போய்விட்டது, இந்த மாதிரிக்கு இனிப் பொருள் கிடைக்காது, ஹார்ட் டிஸ்க் மட்டும் நன்றாக இருக்கிறது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். அந்த டிஸ்க்கில்தான் ஆன்ட்டியின் உயிர் இருந்தது. ஆறு ஆண்டு வேலை முழுவதும் அதில். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொன்விழா மலர்: 96 பக்கம் முடிந்து அட்டை மட்டும் பாக்கி. ஜூன் 2ஆம் தேதி அச்சகத்துக்குப் போக வேண்டும். முன்பணம் 8,000 ரூபாய் வாங்கியாயிற்று. வேறெங்கும் பிரதி இல்லை. “எடுத்து வைக்கணும் எடுத்து வைக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்டி” என்றார்.

அந்த 8,000த்தோடு ஒரு சீட்டுப் பணத்தையும் சேர்த்துத்தான் புதுக் கணினி வாங்குவதென்று முடிவாயிற்று. கோவையிலிருக்கும் அம்பத்தூர்க்காரியின் மாமா தொலைபேசியிலேயே பட்டியல் சொன்னார். தொண்ணூறுகளில் அவர் கணினி பூட்டிக் கொடுத்து வாழ்ந்தவர். “பூட்டுறதுக்குக் கூலி எதுக்கு? நாலு பொண்ணுங்க இருக்கீங்க, எட்டுக் கை இருக்கு” என்று அவர் சொன்னதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆன்ட்டியோடு மின்ரயிலில் மூர் மார்க்கெட் வளாகம் போய், பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்து, அடுத்த நிலையமான சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தோம். அந்தத் தெருவைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதலாம். தலைக்கு மேலே வயர் மாலை, காலுக்குக் கீழே வயர் துண்டு, நடுவில் நாம்!

இனி விஷயத்துக்கு வருகிறோம். கணினியில் மின்சாரம் கொடுக்கும் இரும்புப் பெட்டிக்குக் கடைக்காரர் எல்லாரும் சொல்லும் பெயர் எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை அது 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தருகிறது. அதன் வயிற்றிலிருந்து கிளம்பும் கம்பிக் கற்றைகளைச் சரியான இடத்தில் மாட்டுவதுதான் பூட்டுவதில் பாதி வேலை. அந்தப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாதென்று மாமா மூன்று முறை சொன்னார். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்குமாம்.

கற்றைகளில் பெரியது 24 முனை கொண்டது. மதர்போர்டின் ஓரத்தில் அதற்கென ஒரு நீண்ட குழி. மெதுவாக அழுத்தினால் இறங்கவில்லை. பலமாக அழுத்தினால் போர்டு வில்லாக வளைகிறது. ஒருத்தி அழுத்த, ஒருத்தி போர்டின் ஓரத்தைத் தாங்க, ஒருத்தி கண்ணை மூடிக்கொள்ள, ஒருத்தி “அருள் நிறைந்த மரியே” சொல்ல, ‘க்ளிக்’ என்று கொக்கி விழுந்தது. அந்தச் சத்தத்தைப் போல் இனிமையான சத்தம் கோயில் மணிக்குக்கூட இல்லை என்று அன்று நினைத்தோம்.

எங்கள் புது எஸ்.எம்.பி.எஸ்.ஸில் எல்லாக் கம்பியும் கறுப்பு, துக்க வீடு போல. பரணில் மாமா விட்டுச்சென்ற அட்டைப்பெட்டியில் கிடந்த பழைய கம்பிகளோ வண்ண வண்ணமாக இருந்தன. அந்த வண்ணங்களுக்குப் பொருள் உண்டு. மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு தரை. ஊதாவில் கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் விழித்திருக்கும். பச்சைதான் வேடிக்கை. முன்புறப் பொத்தானை நாம் அழுத்தும்போது நேராக மின்சாரம் பாய்வதில்லை. மதர்போர்டு அந்தப் பச்சைக் கம்பியைத் தரையோடு சேர்க்கிறது, உடனே எஸ்.எம்.பி.எஸ். எழுந்துகொள்கிறது. வீட்டுக்காரர் கதவைத் தட்டாமல் வாட்ச்மேனிடம் சொல்லி எழுப்புவது போல.

எல்லாம் மாட்டினோம். பொத்தானை அழுத்தினோம். மின்விசிறிகள் சுழன்றன! ஆவடிக்காரி கைதட்டினாள். திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. ஐந்து நிமிடம் காத்திருந்தோம். ஐந்து நிமிடமும் விசிறி சுழன்றது, திரை, கரும்பலகை.

மாமாவைக் கூப்பிட்டோம். “பிராசஸருக்கு கரன்ட் குடுத்தீங்களா?” என்றார். 24 முனைக் கற்றை போதுமென்று நாங்கள் நினைத்திருந்தோம். பிராசஸருக்குத் தனியே 8 முனைக் கற்றை ஒன்று உண்டு. அதன் குழி போர்டின் மேல்மூலையில், விசிறிக்குப் பின்னே, ஒளிந்து விளையாடும் குழந்தை போல் இருந்தது. ஏன் தனியே என்று கேட்டதற்கு, “நீங்க பத்தாவது போறவங்கதானே? வகுத்துப் பாருங்க” என்று வைத்துவிட்டார்.

வகுத்துப் பார்த்தோம். மின்னோட்டவியல் பாடத்தில் மின்திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. எங்கள் பிராசஸர் 65 வாட். 12 வோல்ட்டில் 65 வாட் வேண்டுமானால் ஏறக்குறைய 5.4 ஆம்பியர். ஆன்ட்டியின் இஸ்திரிப் பெட்டி 750 வாட். 230 வோல்ட்டில் அதற்கு ஓடுவது சுமார் 3.3 ஆம்பியர்தான். புடவையைச் சுடச்சுடத் தேய்க்கும் பெட்டியைவிட, உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சில்லுக்கு அதிக ஆம்பியர் வேண்டியிருக்கிறது! வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடித்தானே ஆகவேண்டும்? அதனால்தான் நான்கு கம்பி போக, நான்கு கம்பி வர என்று சுமையைப் பங்கு போட்டிருக்கிறார்கள். பாடத்தில் இருந்த கணக்கு கையில் வந்து உட்கார்ந்தது அன்றுதான்.

பார்வைக்கு அதே போன்ற 8 முனை இன்னொன்றும் உண்டு. அது படக்காட்சி அட்டைக்கு. அதில் 12 வோல்ட்டும் தரையும் இடம் மாறியிருக்கும். ஆனால் முனைகளின் வடிவத்தைச் சதுரமும் மூலை வெட்டியதுமாக மாற்றி வைத்திருப்பதால், ஒன்றின் குழியில் மற்றது இறங்க மறுக்கும். சரியானதை மாட்டி மீண்டும் அழுத்தினோம். திரையில் எழுத்து வந்தது! என்னே எங்கள் மகிழ்ச்சி! ஆன்ட்டி அடுப்பில் இருந்ததை மறந்து ஓடிவந்தார். ரவா கேசரி அடிபிடித்தது, அடிபிடித்ததையும் தின்றோம்.

அன்று மாலை மாமா ஒரு பழங்கதை சொன்னார். 1995இல் இப்போதைய ஏ.டி.எக்ஸ். முறை வருவதற்கு முன்னால் போர்டுக்கு மின்சாரம் கொடுக்க ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு செருகிகள் இருந்தனவாம். இடம் மாற்றி மாட்டினால் போர்டு சாம்பல். “கறுப்பும் கறுப்பும் நடுவுல” என்பதுதான் அந்தக் காலத்து வேதவாக்கு. பிறகுதான் தப்பாக மாட்டவே முடியாதபடி செருகிகளை வடிவமைத்தார்கள். இதைக் கேட்டதும் எங்களுக்கு ஒரு தெம்பு வந்தது. மாட்ட முடிகிறதென்றால் சரி, தப்பென்றால் இறங்காது! மாமா அப்படிச் சொல்லவில்லை. நாங்களாக அப்படி எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் ஆன்ட்டி ஓர் அச்சகத்துக்குப் போயிருந்தார். மாலைக்குள் பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, மலரைத் திறந்து காட்டிவிட வேண்டுமென்று எங்களுக்கு ஆசை. டிஸ்க்குக்கான இடம் கேபினட்டின் அடியில் இருந்தது. புது எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு வந்த கம்பி அதுவரை எட்டவில்லை. அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸில் சில கம்பிகள் நிரந்தரமாக இருக்கும். சிலவற்றை வேண்டும்போது பெட்டியின் முதுகில் செருகிக்கொள்ளலாம். முதுகில் ஒரு குழி காலியாக இருந்தது. பரண் பெட்டியில் தேடினோம். நீளமான கம்பி ஒன்று கிடைத்தது. ஒரு முனை டிஸ்க்கில் பொருந்தியது. மறுமுனை எஸ்.எம்.பி.எஸ்.ஸின் குழியில் ‘க்ளிக்’ என்று பொருந்தியது.

“இது வேற எஸ்.எம்.பி.எஸ்.ஸோடதாச்சே, கலர் கலரா இருக்கே” என்று எங்களுள் ஒருத்தி சொன்னாள். மெதுவாகச் சொன்னாள். மூவர் கேட்கவில்லை. “க்ளிக்னு விழுந்துச்சுல்ல?” என்றாள் ஒருத்தி. பொத்தானை அழுத்தியது இன்னொருத்தி.

விசிறி அரைச்சுற்று சுற்றி நின்றது. மறுபடி அழுத்தினோம். அரைச்சுற்று. ஒரு வாசனை வந்தது. சாம்பிராணி போலவும் இல்லை, ரப்பர் போலவும் இல்லை. அதை இனி எங்கே நுகர்ந்தாலும் எங்களுக்கு வயிறு கலங்கும்.

டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அழுத்தினோம். கணினி ஒழுங்காக ஓடியது. டிஸ்க்கைப் புதுக் கம்பியில் மாட்டி அழுத்தினோம். அரைச்சுற்று. அப்போது புரிந்தது, போனது எதுவென்று.

நால்வரும் தரையில் உட்கார்ந்தோம். பழைய டிஸ்க்தானே, தானாகப் போய்விட்டதென்று சொல்லிவிடலாம் என்றாள் ஒருத்தி. அவளை யாரும் மறுக்கவில்லை. இதை எழுதும்போதும் கை கூசுகிறது. ஆறு மணிக்கு ஆன்ட்டி வந்தார். செருப்பைக் கழற்றும்போதே “மலர் தெறந்துச்சா?” என்றார். “இன்னும் மாட்டல ஆன்ட்டி, நாளைக்கு” என்றோம். டிஸ்க் அப்போது கம்பி கழன்று மேசைமேல் கிடந்ததால் அது பொய்யில்லை என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். அந்தச் சமாதானம் ரயில் திருமுல்லைவாயில் வரைக்கும்கூடத் தாங்காது! அம்பத்தூர்க்காரிக்கு அந்த ரயிலும் இல்லை. அவள் அதே வீட்டில், அம்மாவின் பக்கத்திலேயே படுக்க வேண்டியிருந்தது.

ஆவடிக்காரி இரவு சாப்பிடவில்லை. அவளுடைய தாத்தா கனரக வாகனத் தொழிற்சாலையில் வயரிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1965இல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய தொழிற்சாலை அது. தாத்தா அதன் பிறகு சேர்ந்தவர். பேத்தி தட்டைத் தள்ளியதும் என்னவென்று கேட்டார். அவள் சொல்லிவிட்டாள். காலை ஏழரை மணிக்கு மல்டிமீட்டரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அவளோடு ரயில் ஏறிவிட்டார்.

“மொதல்ல அந்த அம்மாகிட்ட சொல்லணும். அப்புறம்தான் மீட்டர வெளிய எடுப்பேன்” என்றார் வாசலிலேயே.

சொன்னோம். யார் சொன்னது, யார் அழுத்தியது, யார் மறைக்கச் சொன்னது என்பதெல்லாம் எங்கள் நால்வரோடு இருக்கட்டும். ஆன்ட்டி திட்டியிருந்தால் தேவலாம். நாற்காலியில் உட்கார்ந்து ஜூன் 2க்கு எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினார். ஒன்பது நாள். “96 பக்கம்” என்று மட்டும் சொன்னார். பிறகு தாத்தாவுக்குக் காபி போட உள்ளே போனார். அவர் திரும்பி வர நெடுநேரமாயிற்று.

தாத்தா டிஸ்க்கை ஒதுக்கிவிட்டு, அந்தப் பழைய கம்பியை மட்டும் மாட்டி, கணினியை ஓடவிட்டார். கம்பியின் கடைசியில் நான்கு ஓட்டை கொண்ட பழைய மாதிரிச் செருகி ஒன்று இருந்தது. அதில் மீட்டரின் ஊசிகளை வைத்தார். மஞ்சளில் 12 இருக்க வேண்டும்; 5 காட்டியது. சிவப்பில் 5 இருக்க வேண்டும், 12 காட்டியது! டிஸ்க்கின் 5 வோல்ட் வாயில் 12 வோல்ட்டை ஊற்றியிருக்கிறோம்.

செருகி பொருந்திய பிறகும் இது எப்படி நேர்ந்தது? மாமாவிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. டிஸ்க்கிலும் மதர்போர்டிலும் மாட்டும் முனைக்கு உலகம் முழுதும் ஒரே விதி. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் முதுகில் மாட்டும் முனைக்கு அப்படி எந்தப் பொது விதியும் இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி, சில வேளை ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல், உள்ளே கம்பி வரிசை மாறும். செருகியின் உருவம் மட்டும் ஒன்றாக இருந்து தொலைக்கும். ஒரு முனையில் அத்தனை பாதுகாப்பை வைத்துவிட்டு மறுமுனையை இப்படித் திறந்த வீடாக விட்டவர்கள் மேல் எங்களுக்கு இன்னும் கோபம் உண்டு. எங்கள் மேல் உள்ள கோபம் அதனால் குறையவில்லை.

மீண்டும் ரிச்சி தெரு. இம்முறை தாத்தாவும் ஆன்ட்டியும் நாங்கள் நால்வரும். மாடியில் ஒரு சிறு அறை. அங்கே ஓர் அண்ணன் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிஸ்க்கின் அடியிலிருந்த பச்சைப் போர்டைக் கழற்றி, மின்சாரம் நுழையும் இடத்தருகே உளுந்தில் பாதியளவு இருந்த ஒரு கறுப்புப் பொருளில் மீட்டரை வைத்தார். மீட்டர் ‘பீப்’ என்று கத்தியது.

“12 வோல்ட் விட்டீங்களாம்மா?” என்றார் அவர். நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை!

அதன் பெயர் டி.வி.எஸ். டயோடு. வோல்ட் அளவாக இருக்கும்வரை அது சும்மா இருக்கும். அளவு மீறினால் மிகுதியை உள்ளே போகவிடாமல் தன் வழியாகத் தரைக்கு இறக்கிவிடும். நெடுநேரம் தாங்க முடியாமல் அப்படியே எரிந்து குறுக்குச்சுற்றாகிப் போகும். மின்தடை ஏறத்தாழ சுழியம் ஆகிவிடுவதால் மின்னோட்டம் எக்கச்சக்கமாகும். அதை உணர்ந்து எஸ்.எம்.பி.எஸ். தன்னையே அணைத்துக்கொள்ளும். எங்கள் விசிறி அரைச்சுற்றில் நின்ற மர்மம் இதுதான். வாசலில் அது விழுந்துவிட்டதால் உள்ளே இருந்தவை பிழைத்திருக்கக் கூடும் என்றார் அண்ணன். கூடும் என்றுதான் சொன்னார். சில்லுகளும் எரிந்திருந்தால் வேறு போர்டு தேட வேண்டும். அப்போதும் அந்தந்த டிஸ்க்குக்குரிய விவரம் எழுதிய சிறு சில்லைப் பழைய போர்டிலிருந்து எடுத்துப் புதியதில் பற்றவைக்க வேண்டுமாம்.

பற்றவைக்கும் கோலால் டயோடைத் தூக்கி எடுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தன் கணினியில் டிஸ்க்கை மாட்டினார். உள்ளே தட்டு சுழலும் ஓசை வந்தது. ஆன்ட்டி தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்ததை அவர் உணரவே இல்லை. திரையில் கோப்புறைகள் வரிசையாக வந்தன. ‘பொன்விழா மலர்’ நான்காவதாக இருந்தது.

“இனிமே இதுக்குக் காவல் கெடையாது. இன்னைக்கே எல்லாத்தையும் காப்பி எடுத்துடுங்க. இத நம்பி வச்சுக்காதீங்க” என்றார். கூலி 300 ரூபாய். நாங்கள் நால்வரும் ஆளுக்கு 75 போட்டோம், ஆன்ட்டி தடுக்கவில்லை.

இரவு எட்டு மணிக்குள் எல்லாம் புதுக் கணினிக்கும், தனியே வாங்கிய இன்னொரு டிஸ்க்குக்கும் ஏறிவிட்டன. தாத்தா அதற்குள் ஒவ்வொரு கம்பிக்கும் நூலில் அட்டை கட்டி, எது எங்கிருந்து எங்கே போகிறதென்று பேனாவால் எழுதிவிட்டார். டாங்கியில் ஒரு கம்பிக்கும் எண் இல்லாமல் இருக்காதாம். அந்தப் பழைய கம்பியை இடுக்கியால் மூன்று துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டார். அதில் ஒரு துண்டு இப்போது எங்களுள் ஒருத்தியின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது.

எங்களை அனுப்பும்போது ஆன்ட்டி மலரின் 96 பக்கத்தையும் அச்செடுத்து, நான்கு பங்காகப் பிரித்து, ஆளுக்கொரு சிவப்புப் பேனாவோடு கையில் கொடுத்தார். “ஒத்தெழுத்து, சந்தி எல்லாம் பாத்துட்டு வெள்ளிக்கிழமை கொண்டு வரணும்” என்றார். பூந்தமல்லிக்காரி மட்டும் பஸ்ஸில் படிக்க முடியாதென்று ஏதோ சலுகை கேட்கப் பார்த்தாள். ஆன்ட்டி அவளுக்கு இன்னும் இரண்டு பக்கம் சேர்த்துக் கொடுத்தார்.